ஒரு பாலாடை மண்ணெண்ணெய்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதிவிடுவேன், பாதியில் ஒன்றை மறந்து அப்புறம் சேர்ப்பேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறவள் நான். சொல்ல வேண்டியவனிடம் வாயால் சொல்ல முடியாமல்தான் காகிதத்தை எடுத்தேன்.

கருவாட்டுக்கார அக்காவைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. பெயர் போட்டால் அவர் மகனுக்குத் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரியலாமா கூடாதா என்பதுதான் எனக்கே விளங்காமல் இருக்கிறது. அவருக்கு இரண்டு மகன்கள். பெரியவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. சின்னவனாவது கரையில் பிழைக்கட்டும் என்று அவர் ஒரு காரியம் செய்தார். செய்துவிட்டு அவர் பட்ட பாட்டை நான் ஒருத்திதான் பார்த்தேன்.

செஞ்சி சந்தையில் கருவாடு வாங்கியவர்கள் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். அவர் ஊர் மரக்காணத்துக்கு அந்தாண்டை ஒரு கடலோரக் குப்பம். திண்டிவனத்தில் பஸ் மாறி வருவார். வாசனைக்கு முன்னால் குரல் வந்துவிடும். விற்காத கூடையைத் திருப்பி ஏற்றினால் கண்டக்டர்கள் முணுமுணுப்பார்கள். எங்கள் வீடு சந்தைக்குப் பின்தெருவில். மாடுகளை விற்ற பிறகு கொட்டகை சும்மா கிடந்தது. அதை எட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் உள்ளே வந்தார்.

"தங்கச்சி, மாடு இல்லாத கொட்டாய்ல என் கூடை தங்கிக்கட்டுமா? மாடு மாதிரி கத்தாது. நாறும், அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கூடையை இறக்கிவிட்டார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் மிச்சம் வைத்து மூட மாட்டார். டீ கொடுத்தால் கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தருவார். ஊருக்குக் கிளம்பும்போது தண்ணீர்க் குடத்தைச் சாய்த்து வெண்டைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போவார். "வச்சி மூடறதா இருந்தா காலி பண்ணிட்டு மூடு. நின்னது நாறும்" என்பார். பேச்சும் அப்படித்தான். ஒருதரம் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, காலையில் காய்கறிக்காரர் சொன்ன ஒரு சொல்லுக்குத் தான் பதில் சொல்லவில்லை என்று நினைவு வந்து, பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் போய், அவரை நன்றாகக் கேட்டுவிட்டு, அவரிடமே வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனார். "வாய்ல வச்சிகினு பஸ் ஏற மாட்டேன்" என்றார்.

இதனால் என் மருமகளுக்கும் அவருக்கும் ஆகாமல் போனது. குழம்பு கொடுத்தனுப்பினால் பாத்திரத்தை அக்கா கழுவி, துடைத்து, வெறுமையாகத் திருப்பித் தருவார். எங்கள் பக்கம் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டோம். ஒரு கை சர்க்கரையாவது, இரண்டு பச்சை மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்போம். மருமகள் என்னிடம் கிசுகிசுத்தாள். அக்காவுக்குக் காது கூர்மை.

"உன் ஏனத்துல நான் எதுனா போட்டா அது கருவாடாத்தான் இருக்கும். அப்புறம் அந்த ஏனத்தை நீ தெருவுல வச்சிக் கழுவுவ. எது பரவால்ல சொல்லு?" என்றார். மருமகள் உள்ளே போய்விட்டாள். ஆனாலும் அடுத்த வாரம் அவளாகவே குழம்பு ஊற்றிக் கொடுத்தாள்.

என்ஜின் கதைக்கு வருகிறேன்.

சித்திரை, வைகாசியில் மீன் முட்டை போடுகிற காலம் என்று கடலுக்குப் போகக் கூடாது. தடைக்காலம் என்பார்கள். பெரிய போட்டுக்குத்தான் தடை, சின்ன பைபர் போட்டுக்கு இல்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் குப்பத்தில் ஊர்க்கட்டுப்பாடு, எல்லாருமே நிறுத்திவிடுவார்கள். அப்போது போட்டின் பின்பக்கம் மாட்டுகிற என்ஜினைக் கழற்றிப் பத்திரம் பண்ண வேண்டும். குப்பத்துக் கிணறு உப்பு. காற்றிலும் உப்பு. கருவாட்டுக் கூடை தங்குகிற இடத்தில் பெரியவன் போட்டின் என்ஜினும் தங்கட்டும் என்று அக்கா லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். செஞ்சி முழுக்கச் சிரித்தது.

"இன்னா கருவாட்டுக்காரம்மா, செட்டிகுளத்துல போட்டு வுடப் போறியா?" என்று ஆட்டோக்காரன் கேட்டான்.

"ஆமாண்டா. ராஜகிரிக்கு ஒரு டிக்கெட்டு, கிஷ்ணகிரிக்கு ஒரு டிக்கெட்டு. உனக்கு அரை டிக்கெட்டு, ஏறிக்கிறியா?" என்றார். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் எங்கள் ஊர்க் கோட்டை மலைகள்.

பெரியவன் உயிரோடு இருந்தபோது அவனும் கூட வருவான். என்ஜினை எப்படி மூடி வைப்பது என்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தது அவன்தான். அவன் போன பிறகு அக்கா தனியாகவே செய்தார். வருஷா வருஷம் பார்த்ததில் எனக்கும் மனப்பாடம்.

ஒரு பெரிய டிரம்மில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ரொப்பி, அதன் விளிம்பில் ஒரு கட்டையைக் கட்டி என்ஜினை மாட்டுவார். விசிறி தண்ணீருக்குள் இருக்கும். கயிற்றைச் சுண்டி இழுத்தால் தெருவே அதிரும். கோழிகள் எல்லாம் கூரைக்கு ஏறிவிடும். உள்ளே படிந்த உப்பு நல்ல தண்ணீரில் கழுவிப் போகும். அந்த என்ஜின் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவது. நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி, உள்ளே இருக்கிற மண்ணெண்ணெய் எரிந்து போகும்வரை ஓட விடுவார். பிறகு எண்ணெய் வருகிற ரப்பர்க் குழாயைப் பிடுங்கிவிடுவார். சுவிட்சைத் தொட மாட்டார். உள்ளே மிஞ்சினதைக் குடித்துவிட்டு என்ஜின் தானாகவே இருமி இருமி அடங்க வேண்டும்.

அது வரைக்கும் அதன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நிற்பார். "குடி… குடிச்சி முடி… அவ்ளோதான், முடிஞ்சிச்சி" என்பார். சங்கில் மருந்து ஊற்றும்போது பிள்ளையிடம் சொல்வது போலவே இருக்கும்.

அதோடு விட மாட்டார். கார்பரேட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதன் அடியில் சின்னக் கிண்ணம். அதில், பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடை இருக்கிறதே, அதில் ஒன்று அளவு எண்ணெய் நிற்கும். அடியில் இருக்கிற திருகாணியைத் திறந்து அதையும் கொட்டாங்கச்சியில் பிடிப்பார். வடிகட்டியைக் கழற்றி ஊதுவார். பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தில் கொஞ்சம் ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல மெல்ல இழுப்பார். டேங்கைக் கவிழ்த்து வெயிலில் காய வைப்பார். எல்லாம் ஆன பிறகுதான் கோணிச் சாக்கில் சுற்றிக் கட்டுவார். குரங்குகள் பிரித்துவிடும் என்று மேலே முள்ளும் போடுவார்.

"ஒரு சொட்டு நின்னா போதும் தங்கச்சி. பிசினாட்டம் ஒட்டிக்கும். அப்புறம் எண்ணெ எறங்காது. கரையில நின்னா செலவு, தண்ணில நின்னா உசுரு."

இதை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதனால்தான் பிறகு நடந்தது அவரை அப்படி அறுத்தது.

பெரியவன் காற்றில் படகு கவிழ்ந்து போனான். என்ஜின் மேல் தப்பில்லை. உடம்பும் கிடைக்கவில்லை, போட்டும் கிடைக்கவில்லை. அன்று அவன் போனது பங்காளி போட்டில். சின்னவன் அண்ணனின் என்ஜினை மாட்டிக்கொண்டு காரியம் முடிந்த கையோடு கடலுக்குப் போனான். இரண்டு மூன்று வருஷம் இவர் அழுதார், திட்டினார், பட்டினி கிடந்தார். அவன் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் இருந்த காலம் அது. அவருக்குத் தெரிந்த அரிசி மில்லில் சின்னவனுக்கு வேலை சொல்லி வைத்தார். அக்கா அவனைக் கையோடு கூட்டி வந்து எங்கள் கொட்டகையில் உட்கார வைத்தார்.

"மலையப் பார்த்துகினே எப்பிடிம்மா இருக்கறது? எனக்கு மூச்சு முட்டுது" என்றான் அவன்.

"முட்டட்டும். மூச்சு இருந்தாத்தானே முட்டும்."

"எங்கண்ணன் அங்கதான இருக்கறான். நான் வேற எங்க போவ?"

"அதனாலதாண்டா சொல்றேன்" என்றார் அக்கா. அவன் என்னைப் பார்த்து, "சின்னம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றான். யாரிடம் எதைச் சொல்லச் சொன்னான் என்று தெரியாமல் நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த வருஷத் தடைக்காலத்தில் அக்கா என்ஜினோடு வந்த அன்று நான் வீட்டில் இல்லை. அவலூர்பேட்டையில் ஒரு கல்யாணம். திரும்பி வந்தபோது வேலை முடிந்து, என்ஜின் சாக்கில் சுற்றிக் கிடந்தது. அக்கா கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் ஆச்சாக்கா?"

"ஆச்சி, ஆச்சி."

கல்யாண வீட்டிலிருந்து லட்டு கொண்டு வந்திருந்தேன். வேண்டாம் என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரை அப்படியே கீழே வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நினைத்தேன்.

தடை முடிந்து என்ஜினை எடுத்துப் போக இரண்டு பேரும் வந்தார்கள். சின்னவன் டிரம்மில் தண்ணீர் ரொப்பி, புது எண்ணெய் ஊற்றி மாட்டினான். அக்கா கிணற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். அவன் கயிற்றை இழுத்தான். ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது.

"பார்த்தீங்களா சின்னம்மா! எங்கம்மா வச்சா வச்சதுதான்!" என்று சத்தத்துக்கு மேல் கத்தினான்.

நான் அக்காவைப் பார்த்தேன். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "டேய், மெக்கானிக்கு கிட்ட ஒருவாட்டி பிரிச்சிக் காட்டிட்டு எடுத்துனு போ" என்றார்.

"எதுக்கு? நல்லாத்தான ஓடுது."

"சொன்னா கேளு."

"நீ வச்சதுல மெக்கானிக்கு இன்னாத்த பார்க்கப் போறான்? வண்டிக்கு நேரமாச்சி, வாம்மா."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு ஆட்டோவில் என்ஜினுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, போகிற வரைக்கும் அதன்மேல் கையை வைத்துக்கொண்டே போனார்.

கொஞ்ச நாள் கழித்து, சந்தை இல்லாத ஒரு நாளில் கூடை இல்லாமல் வந்தார். செருப்பும் இல்லை. நேரே கொட்டகைக்குப் போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

"சின்னவன் முந்தாநாள் கடலுக்குப் போனவன். இன்னும் கரைக்கு வரல."

நான் அவரைக் கம்பத்தோரம் உட்கார வைத்தேன்.

"நான் வடிக்கல, தங்கச்சி."

"எதை அக்கா?"

"உள்ள கிண்ணத்துல நின்னத. டேங்க வடிச்சேன், டியூப வடிச்சேன், கண்ணுக்குத் தெரியறது எல்லாம் வடிச்சேன். பெட்ரோலுக்கு மாத்தி ஓட வுட்டு அணைக்காம, கிஷ்ணாயில்ல ஓடறப்பவே சுவிட்ச அமுக்கிட்டேன். அந்தத் திருகாணியத் தொறக்கல. ரெண்டு மாசம் நின்னு பிசினா ஒட்டிக்கினா கெளம்பாது. கெளம்பலன்னா சலிச்சிப் போயி மில்லுக்கு வந்துடுவான்னு நெனச்சேன். கெளம்பாதுன்னுதான் நெனச்சேன். நல்லாக் கெளம்பிப் போயி நடுவுல நிக்கும்னு எனக்கு அப்ப தோணவே இல்ல."

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. என் முகத்தில் அது இருந்திருக்க வேண்டும். அவரே சொன்னார்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். 'எங்கம்மா வச்சா வச்சதுதான்'னு சொன்னான் பாரு. அத கேட்டுட்டு எப்பிடிச் சொல்றது? ஒருத்தன கடலு எடுத்துச்சி. இன்னொருத்தன நானே எடுத்துக் குடுத்துட்டேனா? நீ எதுனா சொல்லேன், தங்கச்சி."

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவருக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது வரைக்கும் யோசிக்கிறேன், இன்னும் வரவில்லை. அவர் தண்ணீரைக் குடித்தார். "அங்க யாருகிட்டயும் சொல்ல முடியாது. இங்க கொட்டிட்டேன். நீயும் மூடி வச்சிக்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார்.

அவன் கிடைத்துவிட்டான். எங்கேயோ தெற்கே ஒதுங்கிப் போனவனை வேறு ஊர்ப் போட்டு ஒன்று கட்டி இழுத்து வந்தது. உதடெல்லாம் வெடித்து, தோல் உரிந்து, ஆனால் உயிரோடு. நடுக்கடலில் என்ஜின் நின்றுவிட்டது என்றான். கடைக்காரன் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டான் என்று அவனாகவே முடிவு செய்து, உடம்பு தேறியதும் போய்ச் சண்டை போட்டான். என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. அக்கா கேட்கவில்லை. கேட்கப் பயம்.

பிறகு அந்தக் கடைக்காரருக்கு நேர்ந்தது இன்னொரு பாரம் ஆயிற்று. மற்றவர்களும் அவரிடம் வாங்கத் தயங்கினார்களாம். அக்கா மட்டும் வேண்டியது வேண்டாதது எல்லாம் அங்கேயே வாங்குவார். நைலான் கயிறு, பினாயில், பூட்டு. வைக்க இடமில்லாமல் என்னிடம் கொண்டுவந்து தருவார். "எதுக்குக்கா இவ்ளோ பூட்டு? நம்ம வீட்ல கதவே ரெண்டுதான்" என்றால், "வச்சிக்க" என்பார். மருமகள், "அந்தம்மாவுக்கு மறை கழண்டுடுச்சி அத்தே" என்பாள். நான் பூட்டுகளை எடுத்துப் பெட்டியில் போடுவேன்.

மகன் கடலை விடவில்லை. அடுத்த தடைக்காலத்திலிருந்து என்ஜினை அவனே கொண்டு வந்து அவனே மூடி வைத்தான். அக்கா கூட வருவார். ஆனால் தொட மாட்டார். கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

"அம்மா, வந்து ஒருதரம் கைய வையேன். நீ வச்சாத்தான் ராசி" என்று கூப்பிடுவான்.

"கை நடுங்குதுடா. நீயே பாரு."

நடுங்கவில்லை. அதே கையால் அங்கே உட்கார்ந்து நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருப்பார், ஒன்று தப்பாமல். என்ஜின் இருமத் தொடங்கினால் மட்டும் கை நின்றுவிடும். அது அடங்கி, அவன் திருகாணியைத் திறந்து, கொட்டாங்கச்சியில் எண்ணெய் சொட்டுகிற சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த மீனை எடுப்பார்.

போன மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு முழங்கால் வலி, போக முடியவில்லை. அவன்தான் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்தான். கொட்டகையில் உட்கார்ந்தான். மருமகள் டீ கொண்டுவந்தாள், அவள்தான் முதலில் அழுதாள்.

அவன் என்னைக் கேட்டான்: "சின்னம்மா, உங்ககிட்டதான் அம்மா எல்லாம் பேசும். எங்கண்ணன் காட்டிக் குடுத்த வேல அது. அத ஏன் வுட்டுச்சி? நான் மில்லுக்கு வரலன்னு கோவம். கடைசி வரைக்கும் அந்தக் கோவம் போவல, இல்ல? கை நடுங்குதுன்னு சொல்லும். நடுங்கல சின்னம்மா. நான் பார்த்தேன்."

"உன் மேல கோவமே கெடயாதுப்பா."

"பின்ன?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன், "சரி வுடுங்க" என்று எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். அம்மா கோபத்தோடேயே செத்துப்போனதாக நினைத்துக்கொண்டு இப்போதும் கடலுக்குப் போகிறான்.

இதில் ஊர், மாசம், தடை பற்றி நான் தப்பாக எழுதியிருந்தால் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் என்ஜின் வேலை தெரிந்த யாராவது நிஜமாகவே விசாரித்துச் சொல்ல வேண்டும். கிண்ணத்தில் ஒரு பாலாடை மண்ணெண்ணெய் ஒரு கோடை முழுக்க நின்றால், ஒரே இழுப்பில் கிளம்பின என்ஜினை அது நடுக்கடலில் நிறுத்துமா? நிறுத்தாது என்றால் அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நிறுத்தும் என்றால், கோபமாக இருந்த அம்மா அவனுக்கு நல்லதா, இப்படிச் செய்த அம்மா நல்லதா என்று நான்தான் முடிவு செய்ய வேண்டும். எதுவானாலும் சித்திரைக்குள் சொல்லுங்கள். சித்திரையில் அவன் என்ஜினோடு வந்துவிடுவான்.